நங்கூரனும் மின்னோடியும் ஏன் அடிபட்டார்கள்

போன கிழமை, சித்திரக்கதை எழுதப் பழகும் உங்களில் ஒருவர் தன்னுடைய முதல் சித்திரக்கதையைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் சொல்ல மாட்டேன், வெட்கப்படுவார். கதையில் இரண்டு வீரர்கள். முதல் பக்கத்தில் தொடங்கிய அடிதடி கடைசிப் பக்கம் வரைக்கும் ஓயவில்லை. பஸ்ஸைத் தூக்கி எறிகிறார்கள், பாலத்தை முறிக்கிறார்கள், முடிவில் இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்குகிறார்கள். வாசித்த எனக்கும் மூச்சு வாங்கியது.

"இவை ஏன் தம்பி அடிபடுகினம்?" என்று கேட்டேன்.

"அவை எதிரிகள்தானே அன்ரி."

"ஏன் எதிரிகள்?"

"எப்பவும் அடிபடுறபடியால்."

சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள் என்று சொல்வது இதைத்தான். நான் அவரை ஏசவில்லை. இந்தப் பிழையைச் செய்யாத ஒருவரையும் எங்கள் தொழிலில் நான் காணவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இதே கேள்வியைக் கேட்கப் பிந்தியதால், நான் வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு தொடர்கதை அழியப் பார்த்தது. கதை அழிந்தால் இன்னொன்று எழுதலாம். அதோடு சேர்ந்து அழிய இருந்தது வேறு ஒன்று. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எந்தப் பென்சில், எந்தக் கணினி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை நான் தொடவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் அது. எங்கள் அலுவலகம் கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடற்பக்கம் என்றால் காற்று வரும் என்பார்கள். வரும், உப்போடு வரும். அலுமாரிப் பூட்டு முதல் என் மூக்குக்கண்ணாடியின் ஆணி வரை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ரயில் போனால் கதவு நடுங்கும். அங்கே இருந்துதான் நாங்கள் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டோம். எழுதி வருவதைத் திருத்துவது என் வேலை.

புத்தகத்தில் இரண்டு வீரர்கள். நங்கூரன் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். அவன் காலை ஊன்றி ஒன்றைப் பிடித்தால், கப்பலே இழுத்தாலும் அது அசையாது. மின்னோடி வெள்ளவத்தைக்காரன். ஆபத்து என்று காதில் விழுந்தால் கண் இமைப்பதற்குள் அங்கே நிற்பான். ஒருவன் நிற்பவன், மற்றவன் ஓடுபவன். இவர்களை உண்டாக்கியவர்களும் இரண்டு பேர். படம் கீறியவள் ஜெனி, கொட்டாஞ்சேனை. கதை எழுதியவன் கரன், வெள்ளவத்தை. நங்கூரன் ஜெனியின் பிள்ளை என்றும், மின்னோடி கரனின் பிள்ளை என்றும் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஜெனியும் கரனும் ஒரு மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து, மீன் வைத்த ஒரு மாலுபாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு, நாள் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். நத்தார்ப் பண்டிகைக்குக் கரன் குடும்பத்தோடு ஜெனி வீட்டில்தான் நிற்பான். ஜெனியின் அம்மா அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் எண்ணுவார். கரனின் மகளுக்கு முதல் பல் முளைத்ததைப் பெற்ற தாய்க்கு முன்பே கண்டவள் ஜெனி. இதெல்லாம் கதைக்குள்ளும் வரும். நங்கூரன் தின்ன எடுத்த பணிஸை மின்னோடி பறித்துக்கொண்டு ஓடுவான். யார் முதலில் போய்ச் சேர்ந்தது, யார் கடைசி வரைக்கும் நின்றது என்று இரண்டு பேரும் பந்தயம் பிடிப்பார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல போட்டி என்றால் அதுதான். தோற்றவன் வீட்டுக்கே போய் வென்றவன் சோறு தின்னலாம்.

பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் மின்னோடியின் வாயில் நஞ்சு வந்தது. அடுத்த மாதம் நங்கூரனுக்கு மூளை போயிற்று. "எனக்கு முதுகுதான் இருக்கு, மூளை இல்லை" என்று அவனே தன் வாயால் சொன்னான். இன்னொரு மாதம் கடலில் ஒரு பிள்ளை தத்தளிக்கிறது, நங்கூரன் கரையில் கம்பம்போல நிற்கிறான், கால் நனைக்கவில்லை. மின்னோடி வந்து காப்பாற்றிவிட்டு, அவன் முகத்தில் மண்ணை வீசிவிட்டுப் போகிறான். எழுதியவன் கரன்.

இந்தப் பக்கத்தில் படம் சும்மா இருக்கவில்லை. மின்னோடிக்கு மெல்ல மெல்ல வயிறு வைத்தது. பிறகு முடி கொட்டியது. மூன்றாவது மாதம் பார்த்தால், நரம்புபோல இருந்த ஓட்டக்காரன் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து இப்போதுதான் எழும்பி வந்தவன் மாதிரி இருந்தான். கேட்டால் ஜெனி, "வயசு போகுது தானே அக்கா" என்றாள். கரனைக் கேட்டால், "கதை அப்பிடித்தான் இழுத்துக்கொண்டு போகுது" என்றான். இரண்டு பேரின் முகத்திலும் பால் வடிந்தது. மேசை மட்டும் நடுவில் வெறுமையாகக் கிடந்தது, மாலுபாண் வாங்குவாரில்லை.

பிள்ளைகள் தொலைபேசியில் குரல்பதிவு அனுப்புவார்கள். "ஆன்ரி, மின்னோடிக்குச் சுகமில்லையா, வயிறு வீங்கியிருக்கு" என்று ஒன்று வந்தது. சிரித்தேன். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு சின்னக் குரல், "நங்கூரன் ஏன் அந்தப் பிள்ளைய எடுக்க இல்ல? அவருக்கு எங்கள மாதிரி ஆக்கள் வேணாமா?" என்று கேட்டது. அதற்குச் சிரிக்க முடியவில்லை. ஒருவனை உயர்த்திக் காட்டுவதற்கு மற்றவனை நாங்கள் மண்ணில் போட்டு மிதித்திருந்தோம். அந்த மண்ணில் நின்று வாசித்த பிள்ளைகள் மீதும் அந்த மிதி விழுந்திருந்தது.

இவ்வளவுக்கும் எங்கள் முதலாளி மிகவும் சந்தோஷமாக இருந்தார். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அடிதடி வந்த பிறகு புத்தகம் கொஞ்சம் கூடுதலாக விற்றது. ஒருநாள் காலை படியேறி வந்தார்.

"வாற மாசம் கடைசிச் சண்டை. ஒராள் சாக வேணும். ஆர் எண்டு நீங்களே முடிவெடுங்கோ."

"நங்கூரன் சாகட்டும்" என்றான் கரன். யோசிக்கவே இல்லை, விடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன் மாதிரிச் சொன்னான்.

ஜெனி அவனைப் பார்க்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்தாள். "அப்ப வேற யாரையாச்சும் பிடிங்க. நான் கீற மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அடுத்த மாதத்துக்கு அவள் கீறத் தொடங்கிய படங்கள் பாதியில் மேசையில் கிடந்தன.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் பாத்துத் திருத்துங்கோ" என்றார். அச்சுக்குப் போகக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? நீங்கள் எல்லாரும் செய்யக்கூடியதைத்தான். கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய பூதத்தை எழுப்பினேன். பூதம் கொழும்பை விழுங்க வருகிறது, வீரர்கள் இரண்டு பேரும் பகையை மறந்து கைகோர்க்கிறார்கள், பூதம் ஒழிகிறது, சுபம். எனக்கு நல்ல பெருமை. இரண்டு பேருக்கும் அனுப்பினேன்.

கரனின் பதில் வந்தது: "அப்ப இவ்வளவு நாளும் அடிபட்டது சும்மாவோ அக்கா?"

ஜெனியின் பதில்: "பூதம் வந்தாத்தான் கை கோப்பாங்களா? பூதம் போன பிறகு?"

பல மாதங்களில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் என் கதை கூடாது என்பதுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி. பொது எதிரி வந்தால் சண்டை ஒத்திப்போகும், தீராது. இதை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.

எனக்குத் தொழில் பழக்கிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். மகா கோபக்காரர். "ஒரு வீரனைக் கெடுக்க ஒரு பக்கம் காணும். திருப்பி நல்லவனாக்க ஒரு வருஷம் காணாது" என்று மேசையில் அடித்துச் சொல்வார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதையில் எங்கே பிழை என்று தெரியாவிட்டால், முதலில் சொற்களை எல்லாம் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். பிறகு படத்தை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் வாசிப்பார். எழுதுபவனும் கீறுபவளும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் தொழிலில், இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்களா என்று பார்க்க வேறு வழியில்லை.

நானும் கடைசி மாதங்களின் புத்தகங்களை எடுத்து, துண்டுக் கடதாசி வெட்டி, பேச்சுக் குமிழிகளை எல்லாம் மூடினேன். மூடிவிட்டுப் பார்த்தால், பிள்ளைகளே, அங்கே சண்டையே இல்லை.

நங்கூரன் எந்தப் படத்திலும் மின்னோடியின் முகத்தைப் பார்க்கவில்லை. அடிக்கும்போதும் பார்க்கவில்லை. மற்ற நேரங்களில் எல்லாம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கடற்கரைப் படத்தில், பயத்தால் அவன் நிற்பதாகக் கரன் எழுதியிருந்தான். படத்தில் அவன் கண்ணில் பயம் கிடையாது. கடலையே அவன் பார்க்கவில்லை. எப்போதும் மின்னோடி ஓடிவரும் வீதியைப் பார்க்கிறான். வருவான், வந்து ஏதோ சொல்வான் என்று காத்துக்கொண்டு நிற்கிறவனின் முகம் அது.

பிறகு படங்களை மூடிவிட்டுச் சொற்களை வாசித்தேன். மின்னோடி வாய் ஓயாமல் கதைக்கிறான், நையாண்டி செய்கிறான், ஏசுகிறான். ஆனால் எங்கே போகிறான் என்று மட்டும் சொல்லவில்லை. முன்பெல்லாம், "கல்கிசையில நெருப்பு, போயிட்டு வாறன்டா" என்று கத்திவிட்டுத்தான் ஓடுவான். இப்போது மாதக்கணக்காக, "எனக்கு வேலை இருக்கு" என்பதோடு சரி.

ஒருவன் பார்க்கவில்லை, மற்றவன் சொல்லவில்லை. இதற்குப் பெயர் பகை இல்லை, மனத்தாங்கல். பகை யாரோடும் வரலாம். மனத்தாங்கல் வேண்டியவர்களோடுதான் வரும். நாங்கள் மனத்தாங்கலை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பகை என்று தலைப்புப் போட்டு விற்றுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். ஜெனியின் வீடு ஒரு ஒழுங்கைக்குள். ஒழுங்கையின் முடிவில் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்துகொண்டார்.

"மகன் கரன் ஏன் இப்ப வாறதே இல்ல? சின்னப் புள்ளைக்குச் சுகமா? நான் இவகிட்ட கேட்டா வேலை வேலை எண்டு சொல்றா."

ஜெனி எழும்பி உள்ளே போய்விட்டாள். எதுவும் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன். என்னை பஸ்ஸுக்கு விட வந்தபோதுதான், பாதி வழியில் நின்று, அவளாகவே சொன்னாள்.

"அவன் கனடா போறான் அக்கா. குடும்பத்தோட. எல்லாம் சரி வந்துட்டுது."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஃபோட்டோக் கடைக்காரர். ஐடென்டி கார்டுக்குப் படம் எடுக்கப் போனேன். 'உங்கட ஆள் விசாவுக்கு எடுத்த படம் நல்லா வந்திச்சா' எண்டு கேட்டார். நான் ஓம் எண்டு சொல்லிட்டு வந்தேன்." அவள் ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள். "போறது பிழை இல்ல அக்கா. யார் போகாம இருக்கிறாங்க? இந்த ஒழுங்கையிலயே பாருங்க, எத்தனை வீடு பூட்டு. சொல்லியிருந்தா நானே வந்து பெட்டி அடுக்கிக் குடுத்திருப்பேன். ஃபோட்டோக் கடைக்காரருக்குத் தெரியுது, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும், இண்டைக்குச் சொல்லுவான், இண்டைக்குச் சொல்லுவான் எண்டு அந்த மேசையில இருந்தேன்."

"நீ கேட்டிருக்கலாமே."

"நான் ஏன் கேக்க?"

அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று பின்னேரம் கரனைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். கனடாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கதையைப் பற்றித்தான் கேட்டேன்.

"நங்கூரனை ஏன் சாக்காட்டப் பாத்தனீ?"

அவன் கல்லில் இருந்துகொண்டு அலையைப் பார்த்தான். இப்போது ஏதாவது சாட்டுச் சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

"செத்தவனை விட்டிட்டுப் போகலாம் அக்கா. உயிரோட நிக்கிறவனை விட்டிட்டுப் போக ஏலாது."

பிறகு எல்லாவற்றையும் அவனாகவே சொன்னான். மகளின் படிப்பு, மனைவியின் அண்ணன் அங்கே இருப்பது, எல்லாம். "ஜெனியிட்டச் சொன்னால் அவள் ஒண்டும் சொல்ல மாட்டாள். நான்தான் உடைஞ்சு போவன். அதுதான்... அவளுக்கு என்னில வெறுப்பு வந்திட்டால் ரெண்டு பேருக்கும் சுகம் எண்டு நினைச்சன்."

"சுகமா இருக்கோ?"

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எனக்கு அவனில் கோபம் வந்தது, அதைவிடப் பாவமாகவும் இருந்தது. முதுகைத் தடவிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்போது என்னிடம் இரண்டு பேரின் உள்ளமும் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் அவள் சொன்னதை இவனிடமும் இவன் சொன்னதை அவளிடமும் கொட்டியிருக்கலாம். நல்ல மனதோடு செய்தாலும் அதன் பெயர் கோள். அடுத்தவர் வாயால் கேட்ட மன்னிப்பு ஆறிய தேத்தண்ணிதான், குடிக்கலாம், சுகம் வராது. இன்னொன்று, ஃபோட்டோக் கடைக்காரர் சொல்லித் தெரிந்ததுதானே அவளுடைய நோவே? இன்னொருமுறை இன்னொருவர் வாயால் அவள் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். நான் ஆட்களைத் திருத்துபவள் இல்லை, பக்கங்களைத் திருத்துபவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்வது என்று நினைத்தேன்.

முதலில் முதலாளியிடம் போனேன். "ஒருத்தரும் சாகேல்லை. மின்னோடி ஊரை விட்டுப் போறான்" என்றேன்.

"அதில என்ன இருக்கு? ஆர் வாசிப்பினம்?" என்றார்.

"உங்கட ரெண்டு பெடியளும் லண்டன் போன அண்டைக்கு உங்கட வீட்டில சாப்பாடு இறங்கினதோ?"

மனிதர் என்னை முறைத்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தார். "சரி, எழுதுங்கோ. நல்லா எழுதுங்கோ" என்றார்.

பிறகு ஜெனியையும் கரனையும் கூப்பிட்டேன். கடைசி வேலை, முடித்துத் தந்துவிட்டு எங்கேயாவது போங்கள் என்றேன். வந்தார்கள். மேசையின் இரண்டு கோடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"கதைச் சுருக்கம் சொல்லுறன், கேளுங்கோ. மின்னோடி ஊரை விட்டுப் போறான். நங்கூரனுக்குச் சொல்லேல்லை. நங்கூரனுக்கு அது தெரியும், தெரியும் எண்டு அவனும் சொல்லேல்லை. சண்டை அதாலதான். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ."

கரனின் முகம் வெளிறியது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஜெனி மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கோள் சொன்னேனா என்று நீங்கள் கேட்கலாம். கதைச் சுருக்கம் சொன்னேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் எழும்பிப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"ஒரு நிபந்தனை" என்றேன். "ஆளாளுக்குத் தன்ர பிள்ளைக்கு வக்காலத்து வாங்கினது காணும். இந்த முறை மின்னோடி கதைக்கிறதை ஜெனி எழுத வேணும். நங்கூரன் செய்யிறதைக் கரன் கீற வேணும்."

"எனக்குக் கீறத் தெரியாது அக்கா" என்றான் கரன்.

"அவளுக்கு எழுதத் தெரியாது. சரிக்குச் சரி."

போட்டி எழுதுவதில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இதுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி வரும்? எந்த வீரனில் உங்களுக்குக் கோபமோ அவனுக்காக நீங்கள் வாதாடினால் வரும்.

மத்தியானம் முழுக்க அவர்கள் அப்படியே இருந்தார்கள். ஜெனி எழுதுவாள், வெட்டுவாள், கடதாசியைக் கசக்குவாள். கரன் மூக்கு நுனியில் வியர்வையோடு கீறிக்கொண்டு இருந்தான். எட்டிப் பார்த்தேன். நங்கூரன் கைகால் முளைத்த காஸ் சிலிண்டர் மாதிரி இருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டேன்.

முதலில் ஜெனிதான் தன் கடதாசியை என் பக்கம் தள்ளினாள். மின்னோடி நங்கூரனிடம் சொல்வதாக எழுதியிருந்தாள். அதைச் சத்தமாக வாசித்தேன்.

"உன்கிட்ட சொல்லாதது உன்னில நம்பிக்கை இல்லாம இல்லை. நான் எவ்வளவு வேகமா ஓடினாலும் என்னைப் பிடிச்சு நிப்பாட்டக்கூடிய ஒரே ஆள் நீதான். நீ என்ர கையைத் தொட்டா நான் நிண்டுடுவேன். அதுக்குப் பயந்துதான் ஒளிச்சுத் திரிஞ்சேன்."

கரன் கடற்கரையில் என்னிடம் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. மின்னோடிக்காக எழுத உட்கார்ந்தபோது அவளே கண்டுபிடித்திருந்தாள். வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான்.

அவனுடைய கடதாசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நான் எடுக்கவில்லை. ஜெனி எடுத்துத் திருப்பினாள்.

துறைமுகப் பாதை. காஸ் சிலிண்டர் நங்கூரன் முன்னால் நடக்கிறான், அவன் தோளில் மலை மாதிரி ஒரு பயணப் பெட்டி. பின்னால் ஈர்க்கில் மாதிரி மின்னோடி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்பிள்ளை. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அவனுக்குக் கோபம் கீறத் தெரியாது என்பதும் ஒரு காரணம். ஆனால் நங்கூரன் தலையைத் திருப்பி, அந்த இரண்டு பேரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு போகிறான். அது மட்டும் தெளிவாக விளங்கியது.

ஜெனி மூக்கை உறிஞ்சினாள்.

"நங்கூரன் இடதுகைக்காரன்" என்றாள். "வலது தோளில வைக்க மாட்டான். இத்தனை வருஷம் எழுதியும் உனக்கு அது தெரியாது."

பென்சிலை எடுத்தாள். பெட்டியை அழித்து மற்றத் தோளுக்கு மாற்றினாள். காஸ் சிலிண்டருக்குத் தோள் வந்தது, கழுத்து வந்தது. ஈர்க்கிலுக்குக் கால் வந்தது. வயிறு வைக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியில் கைப்பிடி கீறினாள், பூட்டுக் கீறினாள், தொங்குகிற சீட்டுத் துண்டில் குனிந்து என்னவோ பொடியாக எழுதினாள். குனிந்தபடியே கேட்டாள்.

"எப்ப போறீங்க?"

"வாற மாசம்."

"அம்மாவுக்குச் சொன்னியா?"

"இல்லை."

"நான் சொல்ல மாட்டேன். நீதான் வந்து சொல்லணும்."

"ஓம். எப்ப வர?"

"இப்ப வா. பஸ் நிரம்ப முதல்."

கரன் எழும்பினான். ஜெனி அவனுடைய பையை எடுத்து அவன் நெஞ்சில் தள்ளினாள். இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. ஜெனி அழுவது கேட்டது, பிறகு அவனும் அழுவது கேட்டது. ரயில் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. பார்க்க ஆளில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

பக்கத்தை எடுத்து உறையில் போடும்போது ஜெனி திரும்பி ஓடிவந்து கதவில் நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, அந்தப் பெட்டிச் சீட்டில கரன்ட சின்னவட பெயர் போட்டிருக்கேன். கனடாவில புத்தகத்தைத் திறந்து தேடுவா. அச்சில அழியாம வரணும்."

அழியாமல் வந்தது. அச்சகத்துக்கு நானே போய், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.